கர்ப்பிணி வகுப்புக்குப் போகத்தான் வேண்டுமா?

"எட்டுப் பெத்த மாமியாருக்குத் தெரியாததையா நர்சம்மா சொல்லப் போறாங்க? கூலிதான் நஷ்டம்" என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஆரம்ப சுகாதார நிலைய வகுப்புக்கு வந்தால் பிரசவ வலி குறைந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எட்டையும் சுகமாகப் பெற்றவருக்கு, சிக்கலான பிரசவம் எப்படித் தொடங்கும் என்று தெரிந்திருக்க வழியில்லை. வகுப்பில் முக்கியமாக அதைத்தான் சொல்கிறோம்.

முகமும் கையும் வீங்கினால், "நீர் கோத்திருக்கு, பிள்ளை பிறந்தா வடிஞ்சிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். அதோடு விடாத தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால் அது இரத்தக் கொதிப்பின் அடையாளம். வலிப்பு வரை போகலாம். உதிரம் பட்டாலும், பனிக்குடம் உடைந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் "விடியட்டும்" என்று இருக்கக் கூடாது. உடனே 108-க்குச் சொல்லுங்கள்.

இதெல்லாம் நடுராத்திரியில் வீட்டில் நடந்தால், புறப்படலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் கணவர்தான். ஆகவே அவரும் வர வேண்டும். கூச்சப்படுகிறவர் வாசலில் நிற்கட்டும். அங்கேயும் காது கேட்கும்!

மாமியாரையும் கூட்டி வாருங்கள். பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஆகாது, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால்தான் என்பதை அவரும் கேட்கட்டும்.

பரிசோதனை நாளிலேயே வகுப்பும் இருந்தால், மனைவி எப்படியும் வரத்தான் போகிறார். கூடுதலாகப் போவது கணவரின் அரை நாள் கூலி. எல்லா வகுப்புக்கும் முடியாவிட்டாலும், ஆறாம் மாதத்துக்குள் ஒரு முறையாவது இருவரும் சேர்ந்து வாருங்கள். எந்தக் கிழமை என்று உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர் சொல்வார்.