நிற்பதும் வேலைதான்

ஜவுளிக்கடையிலோ நகைக்கடையிலோ விற்பனை வேலைக்குச் சேரப்போகிறீர்களா? சம்பளம், கமிஷன், வார விடுமுறை எல்லாம் கேட்டிருப்பீர்கள். உட்கார இடம் உண்டா என்பதையும் கேளுங்கள். சும்மா நிற்பது என்று ஒன்று உடம்புக்குக் கிடையாது.

தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால் மூட்டுகளில் எதிரெதிராக இழுக்கும் தசைகள் அமைந்திருக்கின்றன. முழங்கையை மடக்கும்போது மேற்கையின் முன்புறத் தசை சுருங்க, பின்புறத் தசை தளர்ந்து இடம் கொடுக்கிறது. நீட்டும்போது முறை மாறுகிறது. தசைக்குள் ஆக்டின், மயோசின் என்னும் புரத இழைகள் ஒன்றையொன்று உரசி வழுக்கி நகர்வதால்தான் இந்தச் சுருக்கம். 1954இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டு சொல்லின. அசைவே இல்லாமல் இழுத்துப் பிடித்திருந்தாலும் தசைக்குச் சக்தி செலவாகிறது.

நிற்பவரின் எடை கணுக்காலுக்குச் சற்று முன்னால் இறங்குகிறது. உடம்பு முன்னால் சாய்ந்துவிடாமல் பிடித்து நிறுத்துவது கெண்டைக்கால் தசை. நடந்தால் அடிக்கு ஒரு தரம் அது சுருங்கித் தளரும்; அப்போதெல்லாம் காலின் ஆழத்திலுள்ள சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே அனுப்பும். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அதைத் திரும்பி வரவிடாது. அசையாமல் நின்றால் இந்தப் பம்பு ஏறக்குறைய நின்றுபோகிறது. சாயங்காலம் செருப்பு இறுகுவதும் கால் வீங்குவதும் இதனால்தான். வருடக்கணக்கில் இப்படி நிற்பவர்களுக்கு வெரிகோஸ் வெயின் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

ஆகவே கவுண்டருக்குப் பின்னால் நின்றபடியே குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். ஒரு காலைச் சிறு பலகைமேல் வைத்து, அவ்வப்போது கால் மாற்றுங்கள். முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்க வேண்டாம். புடவை பண்டலைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி, பண்டலை நெஞ்சோடு அணைத்து எழுந்திருங்கள். அப்போது தொடையும் பிட்டமும் பாரத்தை ஏற்கும், இடுப்புக்குச் சிரமம் குறையும். தூக்கிய நிலையில் இடுப்பைத் திருப்பாமல் பாதத்தைத் திருப்புங்கள்.

இத்தனையும் செய்தாலும் இருக்கைக்கு ஈடாகாது. கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடியதன் பலனாக, உட்காரும் உரிமை 2018இல் அங்கே சட்டத்தில் இடம்பெற்றது. தமிழ்நாடும் 2021இல் தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும் என்று விதித்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருப்பது மரியாதைக் குறைவு என்று சில முதலாளிகள் இன்னும் நினைக்கிறார்கள். அது தவறு. கால் வலியோடு நிற்பவரால் முகம் மலர்ந்து துணி விரித்துக் காட்ட முடியாது.

கடை நடத்துபவர்களே, நாற்காலி வாங்கி மூலையில் அடுக்கி வைக்காதீர்கள். ஊழியர்களிடம் நீங்களே போய், “கூட்டம் இல்லாதப்போ உட்காருங்கம்மா” என்று சொல்லுங்கள்.