ஓரப் பாத்திப் பூஞ்செடிகள்

மலர்களைக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நால்வகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். மரக்கிளையில் பூப்பது கோட்டுப்பூ. கொடியில் பூப்பது கொடிப்பூ. தரையில் வளரும் செடியில் பூப்பது நிலப்பூ. நீரில் பூப்பது நீர்ப்பூ. இப்பகுப்பு மலரின் நிறத்தையோ மணத்தையோ பற்றி எழுந்ததன்று. அது பிறக்கும் இடத்தைப் பற்றி எழுந்தது. செடிக்கு உரிய இடத்தை முதலில் அறிந்து, அதன் அழகைப் பின்னர் நோக்குதல் வேண்டும். தோட்டம் அமைப்போர்க்கு இதுவே முதற்பாடமாகும்.

வீட்டுச் சுவரை ஒட்டியும், வேலியின் உட்புறத்தும், நடைபாதையின் இரு மருங்கிலும் நீண்டு கிடக்கும் பாத்தியை ஓரப் பாத்தி என்பர். இதில் நடத்தக்க பூஞ்செடிகள் இருவகைப்படும். காசித்தும்பை, சூரியகாந்தி போன்றவை முளைத்துப் பூத்து வித்து ஈன்று ஓராண்டிற்குள் மடிவன. செம்பருத்தி, நந்தியாவட்டை, கனகாம்பரம் போன்றவை ஒருமுறை நட்டால் பல்லாண்டு நின்று பூப்பன. முன்னவற்றைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு பருவத்து உழைப்பே வீணாகும். பின்னவற்றில் நேரும் தவறோ ஆண்டுதோறும் தொடரும். ஆதலின், பல்லாண்டுச் செடிகளை ஆராய்ந்தே தேர்தல் வேண்டும்.

முதலில் ஆராயத் தக்கவை வெயிலும் மண்ணும் நீரும் ஆகும். செம்பருத்தியும் அரளியும் நாள் முழுதும் வெயில் படும் இடத்தில் நன்கு பூக்கும். நிழலில் நட்டால் இலை மிகுந்து பூக் குறையும். கனகாம்பரமோ ஓரளவு நிழலை விரும்புவது. மரத்தடியை அடுத்த பாத்திக்கு ஏற்றது. நித்தியகல்யாணி வறட்சியைத் தாங்கும். ஆனால் வேரடியில் நீர் தேங்கினால் அழுகிவிடும். கல்வாழை ஈரத்தை விரும்புவது. குளியலறை நீர் பாயும் இடத்தில் அதனை நடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. வீணாகும் நீரும் பயன்படுகிறது. கண்ணுக்கு இனிய பூவும் கிடைக்கிறது.

மண்ணின் இயல்புக்கு வெட்சி நல்ல சான்றாகும். பண்டை வீரர் ஆநிரை கவரச் சென்றபோது சூடிய மலர் இது. இட்லிப்பூ என்று இன்று பலரும் அழைப்பது இவ்வினத்தையே. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். செம்மண்ணில் தழைத்துப் பூக்கும் இச்செடி, சுண்ணாம்பு மிக்க மண்ணில் வாடும். அத்தகைய மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேர் அதனை ஈர்த்துக்கொள்ள இயலாது. அதனால் நரம்புகள் மட்டும் பசுமையாக நிற்க, இளந்தளிர்கள் மஞ்சளாக வெளுக்கும். புதிதாகக் கட்டிய சுவரின் அடியில், சிந்திய சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த மண்ணில் வெட்சியை நட்டுவிட்டு, அது வளரவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

இரண்டாவது ஆராய வேண்டுவது உயரம். நாற்றங்காலில் எல்லாக் கன்றுகளும் ஒரு முழ உயரமே இருக்கும். அதனைக் கண்டு மயங்குதல் கூடாது. முழு வளர்ச்சியில் எவ்வளவு உயரும் என்பதை அறிதல் வேண்டும். 6 அடி அகலமுள்ள பாத்தியாயின், வேலியை ஒட்டிய பின்வரிசையில் 6 அடிக்கு மேல் வளரும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் நிற்கலாம். நடுவரிசையில் 2 அல்லது 3 அடி வளரும் கனகாம்பரமும் டிசம்பர்ப் பூவும் பொருந்தும். முன்வரிசைக்குக் குட்டையாக வளரும் நித்தியகல்யாணி தகும். பின்வரிசையில் செடிக்குச் செடி 4 அடியும், நடுவரிசையில் 2 அடியும், முன்வரிசையில் 1 அடியும் இடைவெளி விடுதல் நலம். தொடக்கத்தில் பாத்தி வெறுமையாகத் தோன்றும். ஓரிரு ஆண்டுகளில் நிறைந்துவிடும்.

மூன்றாவது, பூக்கும் காலம். மல்லிகை இளவேனிலில் தொடங்கி முதுவேனில் முழுதும் பூக்கும். சாமந்தி, பகற்பொழுது குறுகும் காலத்தில் அரும்பு கட்டும் இயல்பினது. டிசம்பர்ப் பூ தன் பெயருக்கேற்பக் குளிர்காலத்தில் மலரும். கனகாம்பரமும் நித்தியகல்யாணியும் ஏறக்குறைய ஆண்டு முழுதும் பூப்பன. இவற்றைக் கலந்து நட்டால், ஒன்று ஓயும்போது மற்றொன்று தொடங்கும். ஒரு நாளுக்குள்ளும் இம்முறை உண்டு. காலையில் விரியும் செம்பருத்தி மாலையில் கூம்பும். அப்போது அந்திமந்தாரை விரியும். இரவில் மலரும் பவழமல்லி விடியலில் தரையில் உதிர்ந்து கிடக்கும்.

நிறங்களை வரிசைப்படுத்துவதும் ஒரு கலையே. இங்கிலாந்து நாட்டில் கெர்ட்ரூடு ஜீக்கில் (1843–1932) என்னும் அம்மையார் ஓவியம் பயின்றவர். கண்பார்வை குன்றிய பின்னர்த் தோட்டக் கலையிலேயே பெரிதும் ஈடுபட்டார். சர்ரே மாவட்டத்தில், மன்ஸ்டெட் வுட் என்னும் தம் இல்லத்தில், ஏறத்தாழ 200 அடி நீளமும் 14 அடி அகலமும் உள்ள ஓரப் பாத்தி ஒன்றை அமைத்தார். அதன் இரு முனைகளிலும் வெண்மை, நீலம் முதலிய தண்ணிய நிறங்களை வைத்தார். நடுவை நோக்கிச் செல்லச் செல்ல மஞ்சளும் செம்மஞ்சளும் செம்மையும் ஓங்குமாறு செய்தார். அவர் நட்ட செடிகளுள் பல நம் வெயிலைத் தாங்கமாட்டா. ஆயினும் அவர் கண்ட முறை நமக்கும் பயன்படும். நந்தியாவட்டையின் வெண்மையில் தொடங்கிக் கனகாம்பரத்தின் செம்மஞ்சளில் ஏறி வெட்சியின் செம்மையில் நிறுத்த நம்மாலும் இயலும்.

நான்காவதாக ஆராய வேண்டுவது செடியால் விளையும் நன்மையும் தீமையும். இஃது ஏனைய மூன்றினும் இன்றியமையாதது. அரளி வறட்சியைத் தாங்கும்; ஆடுமாடுகள் அதனைப் பெரும்பாலும் கடிப்பதில்லை. அதனால் நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டுக்கு அது தக்கது. ஆனால் அதன் வேர் முதல் விதை வரை எல்லாம் நஞ்சு. சிறுகுழந்தைகள் விளையாடும் முற்றத்தில் அதனைத் தவிர்த்தல் அறிவுடைமை. நித்தியகல்யாணியும் உண்ணத் தகாததே. எனினும், அதிலிருந்து பிரித்தெடுக்கும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்து, குழந்தைகளைத் தாக்கும் குருதிப் புற்றுநோய்க்கு இன்றும் மருத்துவர் கையில் உதவுகிறது.

தீமை ஒரு வீட்டின் முற்றத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. உண்ணிச்செடி அமெரிக்க வெப்ப நாடுகளில் தோன்றியது. மஞ்சளும் செம்மையும் கலந்த அதன் பூங்கொத்தின் அழகைக் கண்டு, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலிக்கும் தோட்டத்திற்குமாக அதனை இந்தியாவிற்குக் கொணர்ந்தனர். பறவைகள் அதன் கனியைத் தின்று விதைகளைத் தொலைவில் பரப்பின. தோட்டத்து ஓரத்தில் நின்ற செடி காட்டிற்குள் புகுந்தது. இன்று முதுமலை, சத்தியமங்கலம் முதலிய காடுகளில் அது புதர்புதராக மண்டிக் கிடக்கிறது. அதன் அடியில் புல் செழிப்பதில்லை. புல் இல்லாவிடத்து மானுக்கும் யானைக்கும் இரை ஏது? அதன் தழையைத் தின்னும் கால்நடைகள் நோயுறுகின்றன. ஆகாயத்தாமரையும் இவ்வாறே தென்னமெரிக்காவிலிருந்து பூவின் அழகிற்காகக் கொணரப்பட்டு, ஏரி குளங்களை மூடிய செடியாகும். இத்தகைய அயற்களைகளை நீக்கிக் காடுகளை மீட்பதற்கென, 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு தனிக் கொள்கையே வகுக்க நேர்ந்தது. ஒரு பூவின் அழகை மட்டும் நோக்கிய தேர்வின் விளைவைத் துடைக்க, இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் பலர் உழைக்க வேண்டியுள்ளது.

நன்கு தேர்ந்த செடிகளும் பேணாவிடின் பயன் தரா. மழைக்காலத் தொடக்கத்தில் நடுதல் நலம். செம்பருத்தி புதுத் தளிரிலேயே பூக்குமாதலின், அதனை ஆண்டுதோறும் கத்தரித்தல் வேண்டும். மல்லிகையைக் கார்த்திகைத் திங்களில் கவாத்துச் செய்தால், இளவேனிலில் கொத்துக்கொத்தாக அரும்பும்.

பூஞ்செடி ஒன்றைப் பார்த்தவுடன், இஃது எவ்வளவு அழகியது என்று மனம் வியக்கும். அது இயல்பே. அவ்வியப்போடு, இதற்கு உரிய இடம் எது, இஃது எவ்வளவு வளரும், எப்போது பூக்கும், யார்க்கு என்ன செய்யும் என்னும் நான்கு வினாக்களையும் எழுப்புவோரே நல்ல தோட்டத்தை ஆக்குவர். அவர் நட்ட பாத்தி அவர்க்கும், அவர்க்குப் பின் அவ்வீட்டில் வாழ்வார்க்கும், அங்கு வரும் வண்டிற்கும் பறவைக்கும் ஆண்டுதோறும் பயன் தந்து நிற்கும்.