பழைய கணினிக்குப் புது புராசஸர்: வாங்கும் முன்பும் மாட்டும்போதும்



பள்ளித் தேர்வு முடிவுகள் வந்து கல்லூரி விண்ணப்பங்கள் தொடங்கும் மாதங்களில் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். "கம்ப்யூட்டர் நகரவே மாட்டேங்குது வாப்பா, புதுசு வாங்கணும்." வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணனோ மாமாவோ அனுப்பிய பணத்தில் 2011, 2012 வாக்கில் வாங்கிய பெட்டியாக அது இருக்கும். புதிது வாங்க முப்பது, நாற்பது ஆயிரம் ரூபாய் வேண்டும். கையில் பணம் இல்லாத குடும்பம் தவணைக்குப் போகும். தவணை என்றால் பெரும்பாலும் வட்டிதான்.

அந்த முடிவுக்குப் போகும் முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். அந்தக் காலத்துக் கணினிகள் பலவற்றில் புராசஸரை மட்டும் கழற்றி, அதே மதர்போர்டு ஏற்கும் வேகமான ஒன்றை மாட்ட முடியும். பழைய சந்தையில் அதன் விலை புதுக் கணினி விலையில் ஒரு சிறு பங்குதான். ஆனால் எந்தச் சிப்பு எந்தப் போர்டில் வேலை செய்யும் என்று தெரியாமல் வாங்கினால் அந்தச் சிறு பணமும் வீண். ஆகவே இந்தப் பாடத்தில் பாதி, வாங்கும் முன் பார்க்க வேண்டியவை பற்றியது.

1. மெதுவாவதற்குக் காரணம் எது?

நாம் பேச்சில் முழுப் பெட்டியையும் 'சிபியூ' என்கிறோம். உண்மையில் சிபியூ அல்லது புராசஸர் என்பது அந்தப் பெட்டிக்குள், மின்விசிறிக்கு அடியில் இருக்கும் தீப்பெட்டி அகலச் சிப்பு. கணக்குப் போடுவது அதன் வேலை. கோப்புகளை வைத்திருப்பது ஹார்டு டிஸ்க். நடக்கும் வேலையை விரித்து வைக்கும் மேசை ரேம். இந்த மூன்றில் எது தாமதித்தாலும் கணினி மெதுவாகும்.

விண்டோஸ் 10 இருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளை வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யச் சொல்லுங்கள்.

• டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்று, சிபியூ 20, 30 என்று இருந்தால் குறை ஹார்டு டிஸ்கில். எஸ்எஸ்டி மாற்றினால் போதும்.
• மெமரி நிறைந்து நின்றால் ரேம் போதவில்லை. 2 ஜிபி, 4 ஜிபி வைத்திருப்போர் 8 ஜிபி ஆக்கலாம்.
• சிபியூ தொடர்ந்து 90, 100 என்று நின்று, வீடியோ வகுப்பு தடுக்கித் தடுக்கி ஓடினால் மட்டுமே புராசஸரை மாற்றுவதில் பலன் உண்டு.

செலவுக்குப் பணம் குறைவாக இருந்தால் எஸ்எஸ்டி, ரேம், புராசஸர் என்ற வரிசையில் யோசியுங்கள். நாள்தோறும் கண்ணுக்குத் தெரியும் வேகத்தைப் பெரும்பாலும் எஸ்எஸ்டிதான் தரும்.

2. மதர்போர்டு எதை ஏற்கும்?

புராசஸர் உட்காரும் இடத்துக்கு 'சாக்கெட்' என்று பெயர். இன்டெல் சிப்புகளில் ஒவ்வொரு சாக்கெட்டும் ஒரு எண்ணால் அறியப்படும். நம் பக்கத்து வீடுகளிலும் அலுவலகங்களிலும் காணக்கூடியவை இவை:

• எல்ஜிஏ 775: 2004 முதல். பென்டியம் டூயல் கோர், கோர் 2 டூவோ காலம். இதற்கு இனிச் செலவு செய்வது லாபம் இல்லை.
• எல்ஜிஏ 1155: 2011 முதல். கோர் வரிசையின் 2ஆம், 3ஆம் தலைமுறை.
• எல்ஜிஏ 1150: 2013 முதல். 4ஆம் தலைமுறை.
• எல்ஜிஏ 1151: 2015 முதல். 6ஆம், 7ஆம் தலைமுறை; பிறகு 8ஆம், 9ஆம் தலைமுறையும் இதே பெயரில் வந்தன.

கடைசி வரியில் ஒரு பொறி இருக்கிறது. 6ஆம் தலைமுறைக்கான போர்டில் 8ஆம் தலைமுறைச் சிப்பு பார்வைக்குப் பொருந்தும், ஆனால் இயங்காது. சாக்கெட் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது என்பதற்கு இதுவே உதாரணம். போர்டில் உள்ள சிப்செட்டும், பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளும் புதுச் சிப்பை அறிந்திருக்க வேண்டும்.

உங்கள் போர்டின் பெயரை அறிய, விண்டோஸ் தேடல் பெட்டியில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வரும் பட்டியலில் புராசஸரின் பெயர், போர்டின் மாடல், பயாஸ் பதிப்பு மூன்றும் இருக்கும். மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு போர்டு தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலைத் தேடி, 'சிபியூ சப்போர்ட்' பட்டியலைத் திறந்தால், எந்தச் சிப்புக்கு எந்தப் பயாஸ் பதிப்பு தேவை என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். கடைக்காரர் சொல்வதை விட அந்தப் பட்டியலை நம்புங்கள்.

அலுவலகங்களில் இருந்து கழித்து விற்கப்படும் டெல், எச்பி பெட்டிகளை வாங்கியோர் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். டெல் ஆப்டிப்ளெக்ஸ் 790, 7010 இரண்டுக்கும் சாக்கெட் 1155தான். ஆனால் 790 இரண்டாம் தலைமுறையோடு நின்றுவிடும். 7010 மூன்றாம் தலைமுறையை ஏற்கும்.

3. ஓர் உதாரணம்

எச்61 சிப்செட் போர்டில் பென்டியம் ஜி620 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அசெம்பிள் செய்த வீட்டுக் கணினிகளில் இது பரவலாக இருந்த ஜோடி. ஜி620 இரண்டு கோர்கள் உடையது, வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ், 65 வாட். இதற்குப் பதில் போடத்தக்க சிலவற்றைப் பாருங்கள்:

• ஐ5-2400: 4 கோர், 3.1 கிகாஹெர்ட்ஸ், 95 வாட்.
• ஐ5-3470: 4 கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ், 77 வாட்.
• ஐ7-3770: 4 கோர், ஒரே நேரத்தில் 8 வேலைத்தொடர், 3.4 கிகாஹெர்ட்ஸ், 77 வாட்.

வீட்டுப் படிப்புக்கு ஐ5-3470 போதும். கோர் இரட்டிப்பாகிறது, வெப்பம் 95 வாட் சிப்பை விடக் குறைவு. நம் ஊர் வெயிலில், ஏசி இல்லாத அறையில், அந்த வித்தியாசம் முக்கியம். ஆனால் 3470 மூன்றாம் தலைமுறைச் சிப்பு. எச்61 போர்டுகள் பலவற்றில் பயாஸைப் புதுப்பித்த பிறகே அது உயிர் பெறும். பயாஸைப் புதுப்பிக்க வழி இல்லை என்றால் 2400 போதும்.

இந்தச் சிப்புகள் இப்போது புதிதாக உற்பத்தி ஆவதில்லை. சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளிலும் இணையத்திலும் பழையதாகத்தான் கிடைக்கும். வாங்கும்போது நான்கு விஷயம் பாருங்கள். சிப்பின் மேல் தகட்டில் அச்சான எண் தெளிவாக இருக்க வேண்டும். அடிப்புறத் தங்கப் புள்ளிகளில் கீறலோ கருகலோ இருக்கக் கூடாது. வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவார்களா என்பதைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும். நான்காவது, சிப்புக்குள் கிராபிக்ஸ் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். சியான் இ3-1230 போன்றவை மலிவாகக் கிடைக்கும். அவற்றில் கிராபிக்ஸ் இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும்.

4. பயாஸ் வேலை முதலில்

பயாஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தால் பழைய புராசஸர் மாட்டியிருக்கும்போதே செய்து முடிக்க வேண்டும். புதுச் சிப்பைப் போட்ட பிறகு திரையே வராது என்றால் எதை வைத்துப் புதுப்பிப்பது? போர்டின் மாடலுக்கு உரிய கோப்பை மட்டுமே பயன்படுத்துங்கள். பக்கத்து மாடலின் கோப்பைப் போட்டால் போர்டு செத்துவிடும்.

அந்தச் சில நிமிடங்களில் கரண்ட் போகக் கூடாது. ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு ஓடும் ஊரில் இருக்கிறோம் என்பதற்காக வீட்டுக்கு வரும் லைனை நம்பிவிட முடியாது. யுபிஎஸ் இல்லாமல் பயாஸில் கை வைக்காதீர்கள்.

5. மாட்டும் முறை

தேவையானவை: திருப்புளி, ஒரு சிறு குழாய் தெர்மல் பேஸ்ட், மெடிக்கலில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி, தூசி தட்ட ஒரு பிரஷ்.

1. கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். லேசான சூட்டில் பழைய பேஸ்ட் இளகி, கூலர் எளிதில் வரும். பிறகு பிளக்கை முழுவதும் உருவுங்கள்.

2. பெட்டியைத் திறந்ததும் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தை ஒரு முறை தொடுங்கள். உடலில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். பாய், கம்பளம் மேல் உட்கார்ந்து செய்ய வேண்டாம். மர மேசை நல்லது.

3. போர்டை ஒரு பார்வை பாருங்கள். உருளை வடிவக் கெபாசிட்டர்களின் தலை வீங்கியிருந்தாலோ, உப்புக் காற்றில் இணைப்புகள் பச்சை பிடித்திருந்தாலோ வேலையை நிறுத்துங்கள். அந்தப் போர்டுக்குப் பணம் போடுவது வீண்விரயம். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

4. கூலர் விசிறியின் வயரைக் கழற்றுங்கள். இன்டெல் கூலரின் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் குமிழ் இருக்கும். மேலே உள்ள அம்புக்குறிப் பக்கம் திருப்பி, மேலே இழுங்கள். டெல், எச்பி பெட்டிகளில் திருகாணி இருக்கும். எதிரெதிர் மூலைகளாகத் தளர்த்துங்கள். கூலரை நேராகப் பிடுங்காமல் லேசாக இடமும் வலமும் அசைத்து எடுங்கள்.

5. சாக்கெட்டின் பக்கத்தில் உள்ள கம்பி நெம்புகோலை அழுத்தி, வெளியே தள்ளி, மேலே தூக்குங்கள். மூடியைத் திறந்து பழைய சிப்பை ஓரங்களில் பிடித்து எடுங்கள்.

6. இப்போது தெரியும் மெல்லிய முட்களை விரலாலோ துணியாலோ தொடாதீர்கள். ஒரு முள் வளைந்தாலும் போர்டு போனதற்குச் சமம். பிள்ளைகள் கூட்டமாக எட்டிப் பார்க்கும் நேரமும் இதுதான். சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஏஎம்டியின் ஏஎம்3, ஏஎம்4 சிப்புகளில் முட்கள் சிப்பின் அடியில் இருக்கும். அவற்றில் கூலரோடு சிப்பும் சேர்ந்து பிடுங்கி வரக்கூடும். இன்னும் நிதானம் வேண்டும்.

7. புதுச் சிப்பின் ஒரு மூலையில் தங்க நிறச் சிறு முக்கோணம் இருக்கும். ஓரங்களில் இரண்டு வெட்டு இருக்கும். சாக்கெட்டில் உள்ள அடையாளங்களோடு அவற்றைப் பொருத்தி மெல்ல வையுங்கள். அது தானாக உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் திசை தவறு அல்லது சிப்பு தவறு. அழுத்தாதீர்கள். சரியாக உட்கார்ந்த பிறகு மூடியைப் போட்டு நெம்புகோலை இறக்கும்போது சற்று இறுக்கம் தெரியும், அது இயல்புதான்.

8. கூலரின் அடியில் காய்ந்திருக்கும் பழைய பேஸ்டை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். சிப்பின் நடுவில் துவரம்பருப்பு அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். அதிகம் வைத்தால் வழியும், பலன் கூடாது.

9. கூலரை நேராக இறக்கி, எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள். நான்கிலும் 'டக்' என்ற ஒலி கேட்க வேண்டும். ஒரு மூலை பிடிக்காவிட்டாலும் சிப்பு சூடாகி வேகம் தானே குறைந்துவிடும். செலவு செய்த பலன் கிடைக்காது. விசிறி வயரை மறக்காமல் செருகுங்கள்.

பெட்டி திறந்திருக்கும்போதே சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். பத்து வருடப் பெட்டியில் தேதி, நேரம் தவறிப் போவதற்கு அதுவே காரணம்.

6. முதல் முறை ஆன் செய்யும்போது

ஓரிரு முறை தானே அணைந்து எழுந்தால் பயப்பட வேண்டாம். பயாஸ் திரைக்குள் போய்ப் புதுச் சிப்பின் பெயரையும் வெப்பநிலையையும் பாருங்கள். ஐந்து நிமிடம் அங்கேயே விட்டாலும் வெப்பம் ஏறிக்கொண்டே போகாமல் ஓரிடத்தில் நிற்க வேண்டும். 80 டிகிரியைத் தாண்டி ஏறினால் உடனே அணைத்து, கூலரை மறுபடி மாட்டுங்கள்.

திரையே வரவில்லையா? முதலில் சாக்கெட் அருகே செருகும் 4 அல்லது 8 முனை மின் வயரைப் பாருங்கள். ரேமைக் கழற்றித் திரும்பச் செருகுங்கள். பிளக்கை உருவி, பட்டன் பேட்டரியைச் சில நிமிடம் எடுத்து வைத்துப் போடுங்கள். அதற்கும் வராவிட்டால் பழைய சிப்பை மாட்டிப் பாருங்கள். பழையது ஓடினால் போர்டு நலம். புதுச் சிப்பையோ பயாஸையோ சந்தேகிக்க வேண்டும். இதற்காகவே பழைய சிப்பை ஒரு மாதம் பத்திரமாக வைத்திருங்கள்.

7. இதற்கும் ஓர் எல்லை உண்டு

விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 3ஆம் தலைமுறைச் சிப்பு எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்தக் கணக்கில் வராது. பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் வங்கி வேலையும் ஆதார் வேலையும் செய்வது ஆபத்து. அத்தகைய பெட்டிகளுக்கு லினக்ஸ் நல்ல வழி. உபுண்டு, மின்ட் ஆகியவற்றோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இலவசம். தமிழில் தட்டச்சு, இணையம், விண்ணப்பம் எழுதுதல், பாட வீடியோ எல்லாம் அதில் நடக்கும். பொறியியல் படிக்கும் பிள்ளைக்குக் கனமான வரைபட மென்பொருள் வேண்டும் என்றால் இந்தப் பழைய பெட்டியை அதற்காக வருத்த வேண்டாம். அந்தக் குடும்பம் சேமித்துப் புதிது வாங்குவதே சரி.

கழற்றிய பாகங்களைக் குப்பைத்தொட்டியில் போடவோ எரிக்கவோ கூடாது. மின்னணுக் கழிவுக்கென 2023 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் நடைமுறையில் உள்ளன. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அவை போய்ச் சேர வேண்டும். வேலை செய்யும் சிப்பு என்றால் இன்னொரு வீட்டின் பெட்டிக்கு உதவும், கொடுத்துவிடுங்கள்.

போர்டு மாடல், புராசஸர் பெயர், பயாஸ் பதிப்பு: இந்த மூன்றையும் இன்றே ஒரு தாளில் எழுதி, பெட்டியின் உட்புறம் ஒட்டி வையுங்கள். கடைக்குப் போகிறவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போகட்டும். பெரிய வகுப்புப் பிள்ளைகளை, ஆணோ பெண்ணோ, இந்த வேலையில் உடன் உட்கார வையுங்கள். ஒரு பெட்டியைப் பிரித்துச் சரியாகப் பூட்டிய பிள்ளைக்கு அடுத்த பெட்டி அச்சம் தராது. அது நாளை ஒரு தொழிலாகவும் ஆகலாம், இன்ஷா அல்லாஹ்.