திறக்காத மூடி தந்த பாடம்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவர்)

முன்னுரை

"கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை" என்பது பழமொழி. சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு விடியற்காலையில், பெட்ரோல் பங்க்கில் நின்றபடி அதன் பொருளை நானும் என் தந்தையாரும் நேரில் கண்டோம். கையில் பணம் இருந்தது. பம்பில் பெட்ரோல் இருந்தது. வண்டியின் வாய்தான் திறக்கவில்லை. எங்கள் பழைய மோட்டார் சைக்கிளின் டேங்க் மூடி, பூட்டோடு சேர்ந்து இறுகிவிட்டது. பின்னால் இரண்டு பால் கேன்கள். நேரம் தவறினால் சொசைட்டியில் பால் எடுக்க மாட்டார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டே போனோம். அன்றைய பால் டீக்கடைக்குப் பாதி விலைக்குப் போயிற்று.

வீடு திரும்பியதும் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம். அக்கம்பக்கத்தார் கூடினர். ஒருவர் உளி கொண்டு வந்தார். இன்னொருவர், "பழந்துணியில மண்ணெண்ணெய் நனைச்சு, கொளுத்தி மூடி மேல வையுங்க, சூட்டுல தானா விட்டுடும்" என்றார். மூன்றாமவர், "உள்ளே காத்து இழுத்துப் பிடிக்குது" என்றார். அப்பா என் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, நீ படிக்கிற படிப்புல இதுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

பக்கத்து ஊர் மெக்கானிக் அண்ணன் வந்துதான் எங்களைத் தடுத்தார். "தீயும் வேணாம், உளியும் வேணாம். நான் சொல்ற எண்ணெயை விட்டுட்டு, ராத்திரி தூங்கு தம்பி" என்றார். மறுநாள் காலையில் மூடி திறந்தது. அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் என்ன என்று நம் பாடப் புத்தகங்களில் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

பூட்டின் அமைப்பு

மூடியின் நடுவில் ஒரு சிறு உருளை இருக்கிறது. அதற்குள் வரிசையாகச் சில பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சின்னஞ்சிறு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது இத்தகடுகள் வெளியே நீட்டிக்கொண்டு உருளையைச் சுழலவிடாமல் தடுக்கின்றன. சரியான சாவியின் பற்கள் எல்லாத் தகடுகளையும் ஒரே மட்டத்திற்குக் கொண்டுவரும்போதுதான் உருளை சுழலும். பூட்டின் நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு மூடியைத் திருகி எடுக்கலாம்.

ஆகவே கோளாறு இருவகைப்படும். சாவியே சுழலவில்லை என்றால் குற்றம் பூட்டில். சாவி சுழன்றும் மூடி அசையவில்லை என்றால் குற்றம் விளிம்பிலோ ரப்பர் வளையத்திலோ இருக்கிறது. இதை முதலில் பிரித்தறிய வேண்டும். எங்கள் வண்டியில் இரண்டும் இருந்தன.

ஏன் இறுகுகிறது?

இத்தகைய மூடிகள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்துக் குரோமியம் பூசப்பட்டவை. பூட்டின் தகடுகள் பித்தளை. டேங்கின் கழுத்து இரும்பு. இவற்றின் நடுவே மழைநீர் தங்கினால் என்ன ஆகும்? நாம் ஆய்வுக்கூடத்தில் டேனியல் மின்கலம் அமைக்கிறோம் அல்லவா? அதில் துத்தநாகம் கரைய, தாமிரம் கரையாமல் நிற்கிறது. துத்தநாகத்தின் திட்ட மின்முனை அழுத்தம் -0.76 வோல்ட், இரும்புக்கு -0.44, தாமிரத்திற்கு +0.34. மூடிக்குள்ளும் அதே கதைதான். குரோமியப் பூச்சு விட்ட இடங்களில் துத்தநாகம் அரிக்கப்பட்டு, வெண்மையான மாவு போன்ற பொருளாகி இடுக்குகளை அடைக்கிறது. ஒரே ஒரு தகடு சிக்கிக்கொண்டாலும் பூட்டு முழுவதும் நின்றுவிடும்.

ரப்பர் வளையமும் காரணமாகலாம். நம் நாட்டில் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பு என்னும் இலக்கு 2025இல் எட்டப்பட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும்; பழைய வகை ரப்பர்கள் சிலவற்றை உப்பவும் வைக்கும்.

இனி, "காற்று இழுத்துப் பிடிக்கிறது" என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருந்தால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே அழுத்தம் குறையும். பெட்ரோல் நிரலின் உயரம் 20 செ.மீ., அடர்த்தி 0.75 என்று கொண்டால், சதுர சென்டிமீட்டருக்கு 15 கிராம் எடை அளவு அழுத்தம் குறைந்ததும் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். 5 செ.மீ. விட்டமுள்ள வாயின் பரப்பு ஏறக்குறைய 20 சதுர செ.மீ. எனவே மூடியை அழுத்தும் விசை சுமார் 300 கிராம் எடைதான். ஒரு சொம்புப் பாலின் எடைகூட இல்லை! காற்றின் மீது பழி போடுவதற்கில்லை.

செய்யக் கூடாதவை

முதலாவது, தீ. பெட்ரோல் ஏறக்குறைய -40 டிகிரி செல்சியசிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனமானது. ஆதலால் மேலே போய்விடாமல் தரையோடு பரவும். காற்றில் 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறியே போதும். "டேங்க் காலிதானே" என்று எண்ணுவது பெருந்தவறு. பெட்ரோல் நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடம் குறைவு. காலி டேங்கிலோ ஆவியும் காற்றும் வெடிக்கும் விகிதத்தில் கலந்து நிற்கக் கூடும். அன்று அந்தத் துணியைக் கொளுத்தியிருந்தால், பக்கத்தில் வைக்கோல் போர்; நடுவில் என் அப்பா. இதை எழுதும்போதும் என் கை நடுங்குகிறது.

இரண்டாவது, உளியும் மின் துரப்பணமும். உளியடியில் பொறி பறக்கலாம். துரப்பணத்தின் மோட்டாருக்குள்ளேயே பொறி எழும்.

மூன்றாவது, சாவியைக் குறடால் பிடித்துத் திருகுதல். 15 செ.மீ. நீளக் குறடு, 1 செ.மீ. தலையுள்ள சாவியின் மீது விரலின் விசையைப் பல மடங்காக்கிவிடும். சாவி முறிந்து உள்ளே தங்கும்.

செய்ய வேண்டியவை

திறந்த வெளியில், நிழலில், அடுப்புக்கும் பீடிக்கும் தொலைவில் வண்டியை நிறுத்துக. டேங்கின் அடியிலுள்ள குழாய் வழியாகப் பெட்ரோலை மூடியுள்ள கேனில் இறக்குக. பாதியில் ஒழுக்கு நின்றால் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது என்று அறிக.

பின்னர் எண்ணெய். மூன்று பங்கு மண்ணெண்ணெயும் ஒரு பங்கு எஞ்சின் ஆயிலும் கலந்து, சாவித் துளையிலும் மூடியின் விளிம்பிலும் சில சொட்டுகள் விடச் சொன்னார் மெக்கானிக் அண்ணன். மண்ணெண்ணெயின் பாகுநிலை குறைவு. ஆகவே நுண்புழை ஏற்றத்தால் இடுக்குகளில் விரைந்து புகும். ஆனால் தனியாக விட்டால் உலர்ந்துவிடும். எஞ்சின் ஆயில் வழவழப்பாக்கும். ஆனால் தனியாக விட்டால் உள்ளே போகாது. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது.

"ராத்திரி தூங்கு" என்றாரே, அதற்கும் விதி உண்டு. நுண்ணிய இடுக்கில் திரவம் புகும் ஆழம், காலத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று வாஷ்பர்ன் 1921இல் காட்டினார். 5 மி.மீ. புக அரை மணி ஆகுமானால் 10 மி.மீ. புக இரண்டு மணி ஆகும். இருமடங்கு ஆழத்திற்கு நான்கு மடங்கு பொறுமை!

மறுநாள், அதிகம் தேயாத மாற்றுச் சாவியை நுழைத்து, ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியால் மூடியை மெல்லத் தட்டியவாறு, சாவியை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக அசைத்தோம். சிக்கிய தகடுகள் விடுபட்டன. விளிம்பு மட்டும் பிடித்திருந்தது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடியின் மீது சுற்றினோம். ஒரு டிகிரி வெப்பத்திற்குத் துத்தநாகம் பத்து லட்சத்தில் 30 பங்கு விரியும். இரும்பு 12 பங்குதான். 60 மி.மீ. விட்டமுள்ள மூடி 30 டிகிரி சூடேறினால் கிடைக்கும் இடைவெளி 0.03 மி.மீ. தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய பாதி! துருப்படலம் உடைய அது போதுமானதாயிற்று. மூடி கழுத்தின் வெளிப்புறத்தைத் தழுவியிருந்தால்தான் இம்முறை உதவும். உள்ளே செருகியிருந்தால் வெப்பம் மேலும் இறுக்கும் என்பதை மறவாதீர்.

திறந்த பின் ரப்பர் வளையத்தை மாற்றி, காற்றுத் துளையை மெல்லிய கம்பியால் சுத்தம் செய்தோம். பூட்டை நன்கு துடைத்து உலர்த்திப் பென்சில் கரித்தூள் இட்டோம். எண்ணெய் புழுதியைச் சேர்க்கும், கிராபைட் சேர்க்காது. இம்முறைகளுக்கும் மசியாத மூடியைப் பூட்டுத் தொழிலாளியிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

முடிவுரை

மெக்கானிக் அண்ணன் வாஷ்பர்னைப் படித்தவரல்லர். நானோ நுண்புழை ஏற்றத்திற்குத் தேர்வில் மதிப்பெண் வாங்கியிருந்தும், தேவைப்பட்ட நேரத்தில் வாய் திறக்காமல் நின்றேன். அவர் கையில் இருந்த விடையின் கணக்கு என் புத்தகத்தில் இருந்தது. இரண்டும் சந்திக்க ஒரு திறக்காத மூடி தேவைப்பட்டது.

அன்று மாலை, திண்ணையில் அப்பாவிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப, இருக்குதுன்னு சொல்லு" என்றார். இருக்கிறது, நண்பர்களே. தேடித்தான் எடுக்க வேண்டும்.