‘போவார்’ என்பது எந்தக் காலம்?

ஏழாம் வகுப்பில் ‘என் குடும்பம்’ என்ற தலைப்பில் ஐந்து ஆங்கில வாக்கியங்கள் எழுதி வரச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவியின் நோட்டில் மூன்றாவது வாக்கியம் இப்படி இருந்தது: ‘மை கிராண்ட்மதர் வில் டெல் மீ ஸ்டோரீஸ் எவ்ரி நைட்.’ ‘எவ்ரி நைட்’ வந்தால் சிம்பிள் பிரசன்ட் என்பது நாம் சொல்லிக்கொடுக்கும் விதி. ‘வில் டெல்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து ‘டெல்ஸ்’ என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். பலரும் செய்யும் தவறு என்பதால் கரும்பலகையிலும் எழுதி, வகுப்பு முழுவதையும் மூன்று முறை சொல்ல வைத்தேன். சொல்லி முடித்ததும் அடுத்து உட்கார்ந்திருந்த பெண் எழுந்து, “டீச்சர், அவ அப்பத்தா ஆடி மாசமே இறந்துட்டாங்க” என்றாள்.

அன்று மாலை அந்த நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவள் மனதில் இருந்த தமிழ் வாக்கியம் ‘எங்க அப்பத்தா தினமும் ராத்திரி கதை சொல்லும்’ என்பதுதான். அப்பத்தா உயிரோடு இருந்தாலும் அப்படித்தான் சொல்வோம். இறந்த பிறகு நினைத்துப் பார்க்கும்போதும் அப்படித்தான் சொல்வோம். கேட்பவருக்கு விஷயம் தெரிந்திருக்கும், குழப்பம் வராது. ‘சொல்லும்’ எதிர்காலம், எதிர்காலத்துக்கு ‘வில்’ போட வேண்டும் என்று எங்கள் வகுப்புச் சுவரில் நானே எழுதி ஒட்டிய சார்ட் சொல்கிறது. அதைத்தான் அவள் செய்திருக்கிறாள். நான் திருத்தியது இலக்கணப்படி சரி. ஆனால் நான் எழுதிக்கொடுத்த வாக்கியம் பொய்.

அந்தச் சார்ட்டைப் பற்றித்தான் சக ஆசிரியர்களுடன் பேச விரும்புகிறேன். அது பெரும்பாலான பள்ளிகளில் இருக்கும். நிகழ்காலம் – சிம்பிள் பிரசன்ட், இறந்தகாலம் – சிம்பிள் பாஸ்ட், எதிர்காலம் – சிம்பிள் ஃபியூச்சர். எதிரெதிரே மூன்று கட்டங்கள். நடுக்கட்டத்தில் பெரிய சிக்கல் இல்லை. ‘சென்றேன்’ என்பதும் ‘வென்ட்’ என்பதும் ஏறத்தாழ ஒரே வேலையைத்தான் செய்கின்றன. முதல் கட்டமும் மூன்றாம் கட்டமும்தான் பிள்ளைகளைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடுகின்றன.

‘என்ன பண்றே?’ என்று கேட்டால் தமிழில் ‘படிக்கிறேன்’ என்போம். அதற்கு ஆங்கிலம் ‘ஐ ஆம் ரீடிங்’. சார்ட்டை நம்பிய பிள்ளை ‘ஐ ரீட்’ என்று சொல்லும். இன்னொரு பக்கம், ‘தாத்தா தினமும் டீக்கடைக்குப் போவார்’, ‘தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும்’, ‘பசு புல் தின்னும்’ என்று சொல்கிறோம். தமிழில் வினை எதிர்கால வடிவத்தில் இருக்கிறது. பொருளோ வழக்கம் அல்லது இயல்பு. ஆங்கிலத்தில் இவை மூன்றும் சிம்பிள் பிரசன்ட்: கோஸ், பாயில்ஸ், ஈட்ஸ். ‘எனக்குத் தெரியும், பிடிக்கும், வேண்டும், புரியும்’ என்பவற்றையும் பாருங்கள். எல்லாமே ‘உம்’ என்று முடிகின்றன. ஆங்கிலத்தில் நோ, லைக், வான்ட், அண்டர்ஸ்டாண்ட் என்று சிம்பிள் பிரசன்டாக நிற்கின்றன. சிம்பிள் பிரசன்ட்டுக்குத் தமிழில் நெருங்கிய உறவு ‘போகிறார்’ அல்ல, ‘போவார்’.

எழுத்துத் தமிழில் ‘சூரியன் கிழக்கே உதிக்கிறது’ என்றும் எழுதுகிறோம், ‘அப்பா மில்லில் வேலை பார்க்கிறார்’ என்றும் சொல்கிறோம் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ‘கிறு’ இரண்டு வேலையும் பார்க்கும். அதனால்தான் தமிழ் வடிவத்தைப் பார்த்து ஆங்கில வடிவத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது என்கிறேன். பிள்ளை கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: இது இப்போது நடக்கிறதா, எப்போதும் நடப்பதா?

மறுவாரம் சார்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கரும்பலகையில் ‘இப்போது’, ‘எப்போதும்’ என்று இரண்டு தலைப்பு மட்டும் எழுதினேன். பிள்ளைகளைச் சத்துணவுக்கூடத்து வாசலுக்கு அழைத்துச் சென்றேன். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ‘அக்கா இப்போ என்ன செய்றாங்க?’ ‘ஷி இஸ் கட்டிங் ஆனியன்ஸ்.’ ‘அக்காவுக்கு நம்ம பள்ளிக்கூடத்தில என்ன வேலை?’ சற்று யோசித்துவிட்டு ஒரு பையன், ‘ஷி குக்ஸ்’ என்றான். ‘ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில தூங்கிட்டு இருக்காங்க. அப்போ ஷி குக்ஸ் இன் அவர் ஸ்கூல்னு சொல்லலாமா?’ வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சொல்லலாம் என்ற கட்சி, ‘அவங்க வேலை அதுதானே டீச்சர்’ என்று ஒரே வரியில் ஜெயித்தது. அக்காவுக்குத்தான் தன்னைப் பற்றி என்ன பேசுகிறோம் என்று புரியாமல் சிரிப்பு.

இதற்குத் தமிழாசிரியரின் உதவியும் கேட்டேன். பகுபத உறுப்பிலக்கணம் நடத்தும்போது இடைநிலைகளை அவர் சொல்லிக்கொடுக்கிறார். நன்னூல் நிகழ்காலத்துக்கு ஆநின்று, கின்று, கிறு என்றும், இறந்தகாலத்துக்கு த், ட், ற், இன் என்றும், எதிர்காலத்துக்கு ப், வ் என்றும் தருகிறது. காலத்தைக் காட்டும் உறுப்பு ஒன்று சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பது பிள்ளைக்கு அங்கேயே தெரிந்துவிடுகிறது. அதை ஆங்கில வகுப்பில் நாம் பயன்படுத்துவதே இல்லை. அந்த உறுப்பை ஆங்கிலத்தில் தேடச் சொன்னால், ‘பிளேட்’ என்பதன் கடைசியில் இருக்கிறது என்று காட்டிவிடுவார்கள். ‘வில் பிளே’யில் எங்கே என்று தேடினால் ‘பிளே’ மாறவே இல்லை. வேலை முழுவதும் ‘வில்’லிடம். ஆங்கில வினைக்கு வடிவ அளவில் காலம் இரண்டுதான் என்று மொழியியலாளர் பலர் சொல்வது இதனால்தான். பிள்ளைகளிடம் இதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. பன்னிரண்டு கட்ட அட்டவணையை ஒரே நாளில் எழுதிப்போடும் நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

அடுத்தது, நம் எல்லாரையும் சிவப்பு மை செலவழிக்க வைக்கும் ‘டிட் நாட் வென்ட்’. ‘டிட் வந்தால் முதல் வடிவம்தான்’ என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்! பிள்ளையின் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. நேற்று நடந்தது, எனவே வென்ட். நான் இப்போது தமிழிலிருந்தே தொடங்குகிறேன். ‘போனேன்’ என்பதற்கு எதிர்மறை சொல்லச் சொன்னால் ‘போகவில்லை’ என்பார்கள். ‘போனேன்’ என்பதில் இருந்த காலம் ‘போகவில்லை’யில் எங்கே? தேடுவார்கள். கிடைக்காது. ‘நேற்றும் போகவில்லை, இன்றும் போகவில்லை’ என்று ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொள்கிறோம். ‘இல்லை’ வந்து சேர்ந்ததும் வினை தன் காலத்தைக் கழற்றி வைத்துவிட்டு ‘போக’ என்று வெறுமனே நிற்கிறது. ஆங்கிலத்திலும் ‘நாட்’ வந்ததும் ‘வென்ட்’ தன் காலத்தைக் கழற்றிவிடுகிறது. ஒரே ஒரு வித்தியாசம், தமிழ் கழற்றியதைக் கீழே வைத்துவிடுகிறது. ஆங்கிலம் அதை ‘டிட்’ கையில் கொடுக்கிறது. ‘டிட் வென்ட்’ என்றால் ஒரே சட்டையை இரண்டு பேர் போட்டிருக்கிறார்கள் என்றேன். அன்று முதல் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு, ‘டீச்சர், ரெண்டு சட்டை’ என்று ஒருவரையொருவர் பிடித்துக்கொடுக்கிறார்கள்.

கோ–வென்ட்–கான் என்று மூன்று வடிவங்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். அதற்குக் குறுக்குவழி எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. பிரசன்ட் பெர்ஃபெக்ட்டை மட்டும் இவற்றோடு சேர்க்காமல் தள்ளி வைத்தேன். ‘நேற்றே வந்திருக்கிறார்’ என்பது நல்ல தமிழ். ‘ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே’ ஆங்கிலத்தில் நிற்காது. இரண்டு மொழியும் இப்படி முறைத்துக்கொள்ளும் இடத்துக்கு, முதல் மூன்றும் கைவந்த பிறகு போவதே நல்லது.

பருவத் தேர்வு விடைத்தாள்களில் ‘எவ்ரி டே’யோடு ‘வில்’ போட்டவர்கள் குறைந்திருந்தார்கள். ‘டிட் வென்ட்’ இன்னும் ஏழு பேரிடம் இருக்கிறது. ‘இப்போது’ என்று சொல்ல வேண்டிய இடத்திலும் ‘எஸ்’ சேர்ப்பவர்கள் புதிதாக முளைத்திருக்கிறார்கள். அது நான் அழுத்திச் சொன்னதன் விளைவு. ஒரு சின்ன மாற்றம் என் திருத்தும் முறையிலும் வந்திருக்கிறது. வீட்டைப் பற்றி, மனிதர்களைப் பற்றி எழுதிய வாக்கியத்தில் காலம் தவறாகத் தெரிந்தால் உடனே அடிப்பதில்லை. கீழே கோடு மட்டும் போட்டு, நோட்டைக் கொடுக்கும்போது ‘இது எப்போ நடந்தது கண்ணு?’ என்று கேட்கிறேன். பதில் தமிழில் வரும். அதைக் கேட்ட பிறகுதான் எந்த வடிவம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்கிறோம்.

அந்த மாணவியிடமும் மறுநாளே கேட்டேன். ‘டெல்ஸ்’ என்று நான் எழுதியதை நானே அடித்தேன்; அதன் மேல் ‘டோல்ட்’ என்று அவள் எழுதினாள். ‘இனிமே சொல்ல மாட்டாங்கன்னு அதுலயே தெரியுமா டீச்சர்?’ என்று கேட்டாள். “‘டோல்ட்’ மட்டும் எழுதினா முடிஞ்சுபோச்சுன்னு மட்டும்தான் தெரியும். ஏன் முடிஞ்சுதுன்னு சொல்லணும்னா இன்னொரு வாக்கியம் எழுதணும்” என்றேன். எழுதினாள். ‘ஷி டைட் இன் ஆடி. நவ் ஐ டெல் ஸ்டோரீஸ் டு மை பிரதர் எவ்ரி நைட்.’ அதில் திருத்த எதுவும் இல்லை.