கன்ட்ரோல் யார், தம்பி?

கீழச் சித்திரை வீதி,
ஸ்ரீரங்கம்



ஹைடாடிட் கட்டிக்கான எலிசா ரத்தச் சோதனை பற்றிய உன் கட்டுரையை ராத்திரியே படித்து முடித்தேன். நாய் நாடாப்புழு ஆட்டுக்கும் ஆளுக்கும் எப்படி வருகிறது என்ற பாடமெல்லாம் நமக்குள் வேண்டாம். எனக்குக் கோபம் வந்த இடம் இரண்டாம் அட்டவணை.

ஒப்பிட்டுப் பார்க்கும் கன்ட்ரோலுக்கு யாரைப் பிடித்திருக்கிறாய்? ரத்ததான முகாமுக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகளை! அவர்களுக்கு நெகட்டிவ் வந்ததில் என்ன அதிசயம்? இந்தச் சோதனையை எழுதிக் கொடுக்கப்போகிற டாக்டரின் எதிரே இருப்பவர் வேறு ஆள். வலது விலாவுக்குக் கீழே வலி, ஸ்கேனில் கறுப்பாக ஒரு வட்டம். ஹைடாடிட்டா, அமீபா சீழா, பிறவியிலிருந்தே உள்ள வெறும் நீர்க்கட்டியா, புற்றா? பின்னே சொன்ன மூன்று வகையிலும் ஒரு சீரம்கூட உன் தட்டில் இல்லை. அதைவிட மோசம், மூளையில் பன்றி நாடாப்புழுக் கட்டி உள்ளவர்களை விட்டுவிட்டாய். நாய்ப் புழுவும் பன்றிப் புழுவும் பங்காளிகள். ஒன்றுக்கு உண்டான ஆன்டிபாடி மற்றதன் ஆன்டிஜனிலும் போய் ஒட்டும். நரம்பியல் வார்டில் அந்த நோயாளிகளுக்கா பஞ்சம்?

அடுத்தது, கட்டியின் பருவம். கார்பி 1981-இலேயே ஸ்கேனைப் பார்த்து வகை பிரித்துக் கொடுத்துவிட்டார். ஓடு விரிசல் விடாத இளங்கட்டியிலிருந்து ஆன்டிஜன் அவ்வளவாகக் கசியாது. சுண்ணாம்பேறிச் செத்த கட்டியிலும் அப்படித்தான். இரண்டிலும் எலிசா பல சமயம் நெகட்டிவ் காட்டும். பருவம் போடாத பாசிட்டிவ் கணக்கை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. (கூட்டங்களில் இதைச் சொல்லிச் சொல்லியே கெட்ட பெயர் வாங்கியவன் நான்.)

ஆன்டிஜனைக் கம்பெனியில் வாங்கினாயாம். நாங்கள் விடியுமுன்னே ஐஸ் பெட்டியோடு ஆடு அறுக்கிற இடத்துக்குப் போவோம். ஈரலில் வெள்ளையாகப் புடைத்திருக்கும் கட்டியில் ஊசியை ஏற்றினால் பளிங்குத் தண்ணீர் வரும். குழாயில் நிறுத்தி வைத்தால் அடியில் நைஸ் மணலாகப் படியும், அத்தனையும் புழுத்தலை. அந்தக் காலத்துக் கஸோனி தோல் சோதனைக்கு அந்த நீரை வடிகட்டித்தான் தோலில் ஏற்றினார்கள். தடிப்பு எழுகிறதா என்று பார்த்துக்கொண்டே, ஒவ்வாமைக்குப் பயந்து அட்ரினலினைக் கையெட்டும் தூரத்தில் வைத்திருப்பார்கள். நீயும் ஒருநாள் போய் நில். கட்டியுள்ள ஈரலைக் காத்திருக்கும் நாய்களுக்கு வீசுவதைப் பார்ப்பாய்.

ஆனால் பின்னிணைப்பில் வைத்த அந்த ஆன்டிபாடி வரைபடம்! ஆபரேஷன் ஆனவர்களைத் துறையூர், மணப்பாறை என்று வீடு தேடிப் போய் மறுபடி ரத்தம் எடுத்திருக்கிறாயே, இந்தப் பக்கத்தில் யாரய்யா இதைச் செய்தார்கள்? கட்டி போன பிறகும் ஆன்டிபாடி வருஷக்கணக்கில் நிற்கும் என்று நாங்கள் வாயால் சொன்னதை நீ ஆள் ஆளாகக் காட்டிவிட்டாய். கட்டுரையே அதுதான், அதைப் போய்க் கடைசியில் ஒளித்திருக்கிறாய். கட்டி திரும்ப வந்ததா என்று ஆன்டிபாடியைக் கேட்டுப் பயனில்லை. அதே சீரங்களில் ஆன்டிஜனைத் தேடு. ஜிப்மரில் பரிஜா குழுவினர் சிறுநீரிலேயே தேடினார்கள்.

மிச்சமுள்ள சீரத்தைச் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80-இல் வை. ஒரே குழாயை உருக்கி உருக்கி உறையவைக்காதே. ஞாயிறு சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன். ஸ்கேன் படங்களை எடுத்துக்கொண்டு வா.