பொறி பார்த்துப் பற்றரி சோதிக்காதீர்கள்

மாரி தொடங்கினால் மட்டக்களப்பின் படுவான்கரை வீதிகளில் வெள்ளம் ஏறும். வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கங்களில் வாகனங்கள் நாட்கணக்கில் கொட்டிலுக்குள் நிற்கும். வெள்ளம் வடிந்தபின் சாவியைத் திருகினால் 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டுமே வரும். 2022ஆம் ஆண்டு இந்தத் தொல்லையை எல்லோர் வீட்டுக்கும் கொண்டுவந்தது. பெற்றோல் இல்லாமல் வாகனங்கள் மாதக்கணக்கில் முடங்கின. மார்ச் 31 அன்று 13 மணி நேர மின்வெட்டு. ஓடாத வாகனத்தின் பற்றரியைக் கழற்றிவந்து வீட்டில் விளக்கு எரித்தவர்கள் பலர். பற்றரி சார்ஜர் கராஜை விட்டு வீட்டு விறாந்தைக்கு வந்தது அந்தக் காலத்தில்தான்.

சார்ஜர் வந்தது, அதைப் பாவிக்கும் முறை கூடவே வரவில்லை. வாய்வழியாக வந்த நம்பிக்கைகள்தான் அந்த இடத்தை நிரப்பின. சில வெறும் பணநட்டம். சில கண்ணைப் பறிக்கும். கண்ணைப் பறிப்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

"ரெண்டு முனையையும் வயரால ஒரு தட்டுத் தட்டிப் பாரு மனே, பொறி பறந்தா சார்ஜ் ஏறிட்டு."

இந்த ஊரில் இதைக் கேட்காதவர் இருக்க முடியாது. சார்ஜரில் இருந்து இப்போதுதான் கழற்றிய பற்றரியில், அதற்கு மேலே முகத்தைக் குனிந்துகொண்டு, இதைச் செய்கிறார்கள். பற்றரி விடயத்தில் செய்யக்கூடிய தவறுகளிலேயே மோசமானது இதுதான்.

காரணம் கண்ணுக்குத் தெரியாதது. ஈயமும் அமிலமும் கொண்ட பற்றரி சார்ஜ் ஆகி முடியும் தறுவாயில், உள்ளே இருக்கும் நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரியத் தொடங்குகிறது. மூடியைத் திறந்தால் கொதிப்பதுபோல் குமிழி தெரியும். "நல்லாச் சார்ஜ் ஏறுது" என்று சொல்லிக்கொள்கிறோமே, அந்தக் குமிழிதான் வெடிக்கும் வாயு. காற்றில் 4 வீதம் ஐதரசன் கலந்தாலே தீப்பிடிக்கும். 75 வீதம்வரை அந்தத் தன்மை நீடிக்கும். அதைப் பற்றவைக்க, கையில் உணரக்கூட முடியாத அளவு சின்னப் பொறி போதும்.

எவ்வளவு வாயு வரும் என்று கணக்குப் போடலாம். நிரம்பிவிட்ட 12 வோல்ட் பற்றரிக்கு மேலதிகமாகக் கொடுக்கும் ஒவ்வொரு அம்பியர்-மணிக்கும் சுமார் இரண்டரை லீற்றர் ஐதரசன் வெளியேறும். தானாக நிற்காத பழைய சார்ஜர் ஒன்று, நிரம்பிய பற்றரிக்குள் 6 அம்பியரை ஐந்து மணி நேரம் தள்ளினால் 75 லீற்றர். ஒரு கன மீற்றர் காற்றை ஆபத்தான கலவையாக்க 40 லீற்றர் போதும். ஐதரசன் காற்றைவிடப் பலமடங்கு இலேசானது, மேலே ஏறும். கதவு சாத்திய தகரக் கொட்டிலில் அது முகட்டில் போய்த் தங்கும். பற்றரியின் துவாரங்களைச் சுற்றியும், மூடிகளுக்குள்ளேயும் எப்போதும் கொஞ்சம் நிற்கும்.

அந்த இடத்தில் பொறி விழுந்தால் பற்றரியின் மேல்மூடி பிளந்து பறக்கும். கூடவே சல்பூரிக் அமிலமும் பறக்கும். குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவரின் கண்தான் முதலில் எதிரே இருக்கிறது. தட்டிப் பார்ப்பது மட்டுமல்ல, உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறதென்று லைற்றரைப் பற்றவைத்துப் பார்ப்பதும், சார்ஜ் ஆகும் பற்றரிக்குப் பக்கத்தில் இருந்து நுளம்புத்திரிக்கு நெருப்பு வைப்பதும் அதே வேலைதான்.

சார்ஜ் ஏறியதா என்று அறிய மல்ற்றிமீற்றர் போதும், விலை பெரிதல்ல. சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் ஆறவிட்டு அளக்க வேண்டும். 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிரம்பியிருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழே என்றால் உடனே சார்ஜ் செய்யுங்கள். அந்த நிலையில் கிடந்தால் தகடுகளில் வெள்ளை உப்பு இறுகிப் பற்றரி சாகும். பொறியின் பருமனுக்கும் இந்த அளவுகளுக்கும் தொடர்பே இல்லை. பாதி செத்த பற்றரியும் அழகாகப் பொறி காட்டும்.

"எந்தக் கிளிப்பை முதலில் மாட்டினால் என்ன?"

பொறி எங்கே விழுகிறது என்பதை இந்த வரிசைதான் தீர்மானிக்கிறது. சுவரில் சுவிட்ச் அணைந்திருக்கும்போதே சிவப்புக் கிளிப்பை நேர் முனையில், கறுப்பை மறை முனையில் பூட்டுங்கள். சார்ஜருக்கு மின்சாரம் கொடுப்பது அதற்குப் பிறகே. முடிந்ததும் முதலில் சுவர் சுவிட்ச்சை அணைத்து, பின்னர் கிளிப்பைக் கழற்றுங்கள். மின்சாரம் ஓடும்போது கிளிப்பை இழுத்தால் பொறி நேரே வாயுவுக்குள் விழும்.

பற்றரியை வாகனத்திலேயே வைத்துச் சார்ஜ் செய்தால் கறுப்புக் கிளிப்பை மறை முனையில் பூட்டாமல், பற்றரியிலிருந்து தள்ளி, வர்ணம் பூசாத ஒரு இரும்புப் பகுதியில் பூட்டுவது நல்லது. உடல் இரும்பு மறை முனையோடு இணைந்த வாகனங்களுக்கு இது பொருந்தும். இன்று ஓடுபவை பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான்.

"பன்னிரண்டு வோல்ட்தானே, அது என்ன செய்யும்?"

உலர்ந்த கையால் இரண்டு முனையையும் தொட்டால் ஒன்றும் செய்யாதென்பது உண்மை. ஆனால் இரும்பும் தங்கமும் தோல் அல்ல. ஸ்பனர் ஒன்று இரண்டு முனைக்கும் குறுக்கே விழுந்தால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும். மோதிரம் மாட்டிய விரல் ஸ்பனருக்கும் இரும்புக்கும் இடையில் அகப்பட்டால் மோதிரம் நொடியில் பழுக்கும். விரலைச் சுற்றி எலும்புவரை சுடும். மோதிரத்தையும் கைச்சங்கிலியையும் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

உயிரைப் பறிக்கும் 230 வோல்ட் சார்ஜரின் மறுபக்கத்தில் இருக்கிறது. மாரியில் ஈரமான விறாந்தையில், தோல் வெடித்த வயரோடு, செருப்பில்லாமல் நின்று பிளக்கைத் தொடுவதுதான் அசல் ஆபத்து. வீட்டு ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் விழ வேண்டும்.

இந்த இடத்தில் வீட்டில் கையால் செய்த சார்ஜர் பற்றியும் சொல்ல வேண்டும். மின்சாரமே இல்லாத போர்க்காலத்தில் வடக்கில் சைக்கிள் டைனமோவை மிதித்து ரேடியோவில் செய்தி கேட்டார்கள். அந்தச் சாமர்த்தியத்தின் முன் தலைவணங்குகிறேன். ஆனால் ஒரு மின்குமிழையும் டயோடையும் தொடராகப் பூட்டி 230 வோல்ட்டை நேரே பற்றரிக்கு விடும் அமைப்பு அந்த வகையில் சேராது. அதில் வீட்டு மின்சாரத்தைப் பற்றரியிலிருந்து பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் இல்லை. பற்றரியின் முனையைத் தொடுவதும் சொக்கற்றுக்குள் விரலை விடுவதும் அப்போது ஒன்றுதான். அப்படியொன்று வீட்டில் இருந்தால் இன்றைக்கே பிரித்துப்போடுங்கள்.

"தண்ணி குறைஞ்சா கிணத்துத் தண்ணிய ஊத்து."

மட்டக்களப்பில் இது மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகக் கெடுதி செய்யும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் எழுவான்கரையின் பல கிணறுகளில் உப்பு இருக்கிறது, அதாவது குளோரைட்டு. அது பற்றரிக்குள் போனால் ஈயத் தகட்டை அரிக்கும். சார்ஜ் ஏறும்போது நேர்த் தகட்டில் குளோரின் வாயுவாகவும் மாறும். டீசல் நீர்மூழ்கிக் கப்பல்களில் மாலுமிகள் மிகவும் அஞ்சிய விடயங்களில் இது ஒன்று: பற்றரி அறைக்குள் கடல்நீர் புகுந்தால் குளோரின் கிளம்பும். கிணற்று நீரில் வரும் அளவு அவ்வளவு இல்லை. இருந்தாலும் வேதியியல் ஒன்றே. ஆகவே வெள்ளத்தில் மூழ்கிய பற்றரியை, அதிலும் வாவி நீர் ஏறிய பற்றரியை, துடைத்துவிட்டு நேரே சார்ஜில் போடாதீர்கள். கராஜில் காட்டுங்கள்.

மழைத்தண்ணீர் சுத்தமானதுதானே என்பார்கள். வானத்தில் இருக்கும்வரை சரி. தகரக் கூரையில் விழுந்து பீலி வழியே வரும்போது துத்தநாகம், தூசி, கடற்காற்றின் உப்பு எல்லாம் சேர்ந்துவிடும். காய்ச்சி வடித்த நீர்ப் போத்தல் ஒன்று வாங்குங்கள். அதைச் சார்ஜ் முடிந்தபின் ஊற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது திரவமட்டம் உயரும், முன்பே நிரப்பினால் அமிலம் வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூடும் அளவுக்கு முதலில் ஊற்றலாம். அசிட்டை ஒருபோதும் ஊற்றாதீர்கள். ஆவியாகவும் வாயுவாகவும் போனது நீர். அமிலம் உள்ளேயே இருக்கிறது. மேலும் ஊற்றினால் செறிவு கூடித் தகடுகள் அரித்துப்போகும்.

"பெரிய அம்பியரில் போட்டால் கெதியாக ஏறும், இரவு போட்டுவிட்டுப் படுக்கலாம்."

பற்றரியில் எழுதியிருக்கும் அம்பியர்-மணியில் பத்திலொரு பங்கு நல்ல அளவு. மோட்டார் சைக்கிளின் 5 அம்பியர்-மணிப் பற்றரிக்கு அரை அம்பியர். காரின் 45க்கு நாலரை. உழவு இயந்திரத்துக்கு வாங்கிய 10 அம்பியர்ச் சார்ஜரை மகனின் மோட்டார் சைக்கிளுக்கும் பூட்டினால் பற்றரி சூடாகி வீங்கும். நிரம்பியதும் தானாகக் குறையும் சார்ஜர் என்றால் இரவுப் பயம் பெரிதும் குறையும்; பழைய வகை நிற்காது. படுக்கையறையில் எந்த வகையும் வேண்டாம்.

வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள். சார்ஜரின் வோல்ட் அளவு பொதுவாக 25 பாகைக்கு வகுக்கப்பட்டது. கச்சான் காற்று வீசும் மதியத்தில் தகரக் கொட்டிலுக்குள் அதைவிடப் பத்துப் பதினைந்து பாகை கூடியிருக்கும். அந்தச் சூட்டில் அதே வோல்ட்டில் பற்றரி முன்கூட்டியே வாயு விடும், தண்ணீர் வேகமாக வற்றும். காலையில், காற்றோட்டமான நிழலில் போடுங்கள். கூழ்முட்டை மணம் வந்தால் பற்றரி கெட்டுவிட்டது அல்லது மிஞ்சிச் சார்ஜ் ஆகிறது. கிளிப்பைத் தொடாமல் சுவர் சுவிட்ச்சை அணைத்து, கதவுகளைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள்.

சீமெந்துத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது மரப்பெட்டியிலும் ரப்பரிலும் பற்றரி செய்த காலத்துக் கதை; இன்றைய பிளாஸ்டிக் கூட்டில் அது நடக்காது. தண்ணீர் ஊற்றும் மூடி இல்லாத பற்றரி வாயு விடாது என்பதும் பிழை. அதற்கும் வால்வு உண்டு. பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால், ஸ்டார்ட் பண்ணச் செலவானதைத் திருப்பிக் கொடுக்கலாம். வெறுமையான பற்றரியை நிரப்பாது. லித்தியம் பற்றரிக்கு ஈயப் பற்றரிச் சார்ஜரைப் பூட்டவே கூடாது, அதற்குரிய சார்ஜர் வேறு.

அமிலம் பட்டால் தேங்காயெண்ணெய், பால், தேசிக்காய் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். வேண்டியது தண்ணீர் மட்டும். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு குறைந்தது 20 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். இந்த இடத்தில் கிணற்று நீர், குழாய் நீர் எதுவும் சரி. ஒருவர் கழுவட்டும், மற்றவர் அம்புலன்ஸ் இலக்கமான 1990ஐ அழைக்கட்டும். அப்பச்சோடா தரையில் சிந்திய அமிலத்துக்குத்தான், கண்ணுக்கல்ல. வேலை தொடங்குமுன் ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் வையுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்.

செத்த பற்றரியை என்ன செய்வது? வாவிக்கரையில் வீச்சு வலைக்கு ஈயக் குண்டு வேண்டும். பற்றரிக்குள்ளோ ஈயம் கிடக்கிறது. உடைத்து உருக்கலாமே என்று தோன்றும். செனகல் நாட்டின் டக்கார் நகர ஓரத்திலுள்ள தியாரோய்-சூர்-மேர் என்ற ஊரில் அப்படிப் பழைய பற்றரிகளிலிருந்து ஈயம் எடுத்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 பிள்ளைகள் இறந்தார்கள். மண்ணிலும் வீட்டுத் தூசியிலும் படிந்த ஈயம் சின்னக் கைகள் வழியாக வாய்க்குள் போயிற்று. பற்றரியை உடைக்காமல், சாய்க்காமல், மூடிகளோடு நிமிர்த்தி வைத்துப் பற்றரிக் கடைக்கே கொண்டுபோங்கள். புதியது வாங்கும்போது பழையதற்கு ஒரு தொகையைக் கழித்துக் கொடுப்பார்கள். அவர்களாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.